ஆறு கோடு

ஜீவனஹள்ளியில் ஞானசேகரன் என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். கம்பவுண்டர் என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆர்டர்லியாகச் சேர்ந்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதில் ஆரம்பித்து, மருந்து கலக்கும் அறை வரைக்கும் போய் வேலை கற்றுக்கொண்டவர். 1947-இல் வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது இவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு வருஷம் பக்கத்திலிருந்த காக்ஸ் டவுனில் டாக்டர் சேஷகிரி டிஸ்பென்சரி திறந்தார். கேள்விப்பட்டுப் போய் நின்றார் ஞானசேகரன். அன்றைக்கே வேலை கிடைத்தது.

வேலையில் சுத்தமான ஆள். அளவு கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மருந்து கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சீசாவில் ஊற்றுவார். மேலே போடும் வெள்ளைக் கோட்டில் ஒரு கறை இருக்காது. அவரிடம் ஒரே ஒரு கோளாறு. எது தவறினாலும் அதற்குப் பொறுப்பாக இன்னொருவர் பெயர் அவர் நாக்கில் தயாராக இருக்கும். கம்பவுண்டர் பரீட்சையில் முதல் தடவை தேறாமல் போனதற்குக் காரணம் கேள்வித்தாள் தயாரித்தவர். வேலைக்கு நேரம் கழித்துப் போனால் ரயில்வே கேட்காரன். பால் பொங்கி வழிந்தால், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இவராகவே இருந்தாலும், மனைவி சரளா. டிஸ்பென்சரியில் ஏதாவது உடைந்தால், புண்ணுக்கு மருந்து போடும் நாணு. நாணு மலபார்க்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன். “கம்பவுண்டர் சாரே, நான் லீவுக்கு ஊருக்குப் போனா நீங்க ரொம்பக் கஷ்டப்படுவீங்க” என்று சிரிப்பான்.

மாத்திரைகள் அவ்வளவாக வராத காலம் அது. மிக்சர் என்கிற நீர் மருந்துதான் வைத்தியம். சீசாவை நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மருந்தை நிரப்பி, சீசாவின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தருவார் கம்பவுண்டர். பட்டையில் சம இடைவெளி விட்டுக் கோடுகள் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு கோடு மருந்து இறங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அளவு தப்பாமல் கொடுக்க அதுதான் வழி. ஆறு அவுன்ஸ் சீசாவில் வேளைக்கு அரை அவுன்ஸ் என்றால் பன்னிரண்டு கோடு, ஒரு அவுன்ஸ் என்றால் ஆறு கோடு. கூட்டம் சேருவதற்கு முன்பே காலையில் பட்டைகளைக் கத்தரித்து, பன்னிரண்டு கோடு ஒரு டின்னிலும் ஆறு கோடு இன்னொரு டின்னிலும் போட்டு வைத்துக்கொள்வார் ஞானசேகரன்.

1954-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம். ஜீவனஹள்ளியிலேயே, இவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, கோவிந்தப்பா என்ற பெரியவர் இருந்தார். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களில் தோட்டவேலை செய்து ஓய்ந்தவர். கால் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனம் என்று சொல்லி டாக்டர் சேஷகிரி டிஜிடாலிஸ் மிக்சர் எழுதினார். இருதயத்துக்குத் தெம்பு தருகிற மருந்து, ஆனால் அளவு மிஞ்சினால் ஆளையே சாய்த்துவிடும். வேளைக்கு அரை அவுன்ஸ், தினம் மூன்று வேளை, ஒரு சீசா நாலு நாளைக்கு. முதல் இரண்டு சீசாவும் கோவிந்தப்பாவின் மனைவி முத்தம்மா தன் கையால் கொடுத்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அந்தச் சமயத்தில் மகளுக்குப் பிரசவம் என்று முத்தம்மா வேலூருக்குப் போக வேண்டி வந்தது. மருந்து கொடுக்கும் பொறுப்பு மருமகள் காந்தாவிடம் வந்தது. காந்தா கோலார் தங்கவயல் பெண். மில்லில் வேலை பார்க்கும் அசோகனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் ஆறு மாதப் பெண் குழந்தை.

மூன்றாவது சீசாவை வாங்கிப் போக அசோகன் திங்கட்கிழமை காலை வந்தான். டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். ஆனால் ஞானசேகரனுக்குக் கூட்டம் புதிதல்ல. முந்தின நாள் நடந்த ஹாக்கி மேட்சைப் பற்றி நாணுவோடு பேசிக்கொண்டே மருந்தைக் கலந்தார், சீசாவை நிரப்பினார், டின்னுக்குள் கையை விட்டுப் பட்டையை எடுத்து ஒட்டினார். கை போனது பக்கத்து டின்னுக்குள். பன்னிரண்டு கோடு ஒட்ட வேண்டிய சீசாவில் ஆறு கோடு ஒட்டினார்.

காந்தா கோட்டைப் பார்த்துத்தான் ஊற்றினாள். திங்கள் மூன்று வேளை, செவ்வாய் மூன்று வேளை. சீசா காலி. புதன்கிழமை காலையில் கோவிந்தப்பா ஓயாமல் வாந்தி எடுத்தார். “செவுரெல்லாம் மஞ்சளா தெரியுதும்மா” என்றார். அசோகன் டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தான். டாக்டர் உடனே காரை எடுத்தார். நாடியைப் பிடித்தால் நிமிஷத்துக்கு நாற்பதுகூட இல்லை. மாடத்தில் காலிச் சீசா இருந்தது.

“திங்கட்கிழமை கொடுத்த மருந்து வியாழக்கிழமை வரைக்கும் வரணுமே! யார் ஊத்தினது?”

“நான்தான் சார். கோடு பாத்துத்தான் ஊத்தினேன்” என்றாள் காந்தா.

“கோடு பார்த்து ஊத்தினா ரெண்டு நாள்ல எப்படித் தீரும்? பெரியவரைக் கொன்னிருப்பியே!”

சீசாவைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை. பெரியவரைக் காரிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை அசோகன் அந்தச் சீசாவோடு டிஸ்பென்சரிக்கு வந்தான். டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். “டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி வூட்ல குடுத்து அனுப்பிச்சா சார். கழுவக்கூட இல்ல” என்று ஞானசேகரனிடம் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.

ஞானசேகரன் சீசாவைப் பார்த்தார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. பன்னிரண்டு கோடு நெருக்கமாக இருக்கும். இதில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரலை வைக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. சீசாக்களைக் கழுவும் தொட்டியில் அதையும் போட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டை ஊறி மேலே மிதந்தது. அதை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

மத்தியானம் டாக்டர் வந்து கேட்டார். “கோவிந்தப்பாவுக்குப் பன்னிரண்டுதானே ஒட்டினே?”

“பன்னிரண்டுதான் சார்.”

சாயங்காலம் அசோகன் வந்தான். “டாக்டர் சீசாவப் பாத்தாரா சார்?”

“பாத்துட்டாரு. கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் ஞானசேகரன்.

அசோகன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

கோவிந்தப்பா பிழைத்துக்கொண்டார். தகவல் கேட்டு வேலூரிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்த முத்தம்மா, “எட்டு நாள் நான் குடுத்தேன், ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள் நீ குடுத்தே, ஆள் பாடைக்குப் போக இருந்தாரு” என்று காந்தாவை நிற்கவைத்துக் கேட்டாள். காந்தா கோடு கோடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கம்பவுண்டரே சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு அசோகன் அவள் பக்கம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து அவள் அப்பா வந்து, பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் ஞானசேகரன் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அவர் மனசும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் சீட்டைப் படிப்பதில் அவர் தவறவில்லை. நாணு பேச்சுக் கொடுத்ததால்தான் என்று நினைத்துப் பார்த்தார். பேச்சை ஆரம்பித்தது யார் என்று அவருக்கே தெரியும். இரண்டு நாளில் தீருகிறதே என்று அந்தப் பெண்ணாவது கேட்டிருக்கக் கூடாதா என்றும் நினைத்தார். இது மட்டும் கொஞ்ச நாள் நின்றது.

பதினேழு நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த சரளா, குடத்தை இறக்கிவைத்தபடியே ஆரம்பித்தாள்.

“கேட்டீங்களா? கோவிந்தப்பா வூட்டு மருமக மருந்துல வெஷத்தக் கலந்துட்டாளாம். மாமனார் போயிட்டா வூடு இவளுக்குத்தானே. இப்படியும் ஒருத்தி இருப்பாளா?”

“யார் சொன்னது?”

“கொழாய்ல எல்லாருந்தான் சொல்றாங்க. கம்பவுண்டரே சீசாவப் பாத்துச் சொல்லிட்டாருன்னு உங்க பேரையுந்தான் சொல்றாங்க.”

ஞானசேகரன் டம்ளரைக் கீழே வைத்தார். “அவ ஒண்ணும் பண்ணல. கோடு மாத்தி ஒட்டினது நான்” என்றார்.

அவர் வாயிலிருந்து ‘நான்’ என்று சரளா கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். “வெளிய சொல்லாதீங்க. வேலை போயிடும். பெரியவரு பொழைச்சிட்டாரே, அப்புறம் என்னா?”

“அந்தப் பொண்ணு?”

அவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் சேஷகிரி முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “அன்னிக்கு நான் கேட்டப்போ ஏன் பன்னிரண்டுன்னு சொன்னே?”

“பயம் சார்.”

“நானும் அந்தச் சீசாவைக் கையில எடுத்துப் பார்த்திருக்கணும். பாக்கலை” என்றார் டாக்டர். பிறகு, “நீ எங்கேயும் போய்ச் சொல்ல வேண்டாம். டிஸ்பென்சரி பேர் கெட்டுப் போயிடும். அந்த அசோகனை நான் கூப்பிட்டு, பழசை மறந்துட்டு ஆத்துக்காரியை அழைச்சிண்டு வான்னு சொல்றேன். நான் சொன்னா கேப்பான்” என்றார்.

“அழைச்சிட்டு வந்தாலும் ஊத்தினவ அவதான்னுதானே சார் இருக்கும்?”

அதற்கு மேல் டாக்டர் போகாதே என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் கோவிந்தப்பா வீட்டுக்குப் போனார். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், அசோகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முத்தம்மா உட்காரச் சொல்லி முக்காலியைப் போட்டாள். இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார், பன்னிரண்டு ஒட்ட வேண்டிய இடத்தில் ஆறு ஒட்டிவிட்டேன், உங்கள் மருமகள் ஊற்றியது நான் போட்ட கோட்டின்படிதான் என்று.

முத்தம்மா நம்பவில்லை. “அவங்க அப்பன் வந்து கெஞ்சினானா உங்ககிட்ட? பொண்ண எப்படியாவது இங்க சேத்துவிடணும்னு சொல்லிக் குடுத்து அனுப்பினானா?”

“இல்லம்மா. நான் பண்ண தப்பு.”

“டாக்டரே அவதான்னு சொன்னாரே!”

அப்போது கட்டிலிலிருந்து கோவிந்தப்பா பேசினார். “ஆறு கோடுதான் இருந்திச்சு.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“மாடத்துல எனக்கு நேராத்தானே சீசா இருந்திச்சு. படுத்துக்கினு அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன். மொத சீசாவுல நெறைய கோடு. இதுல ஆறு. ஒடம்பு சரியாவலன்னு டாக்டர் மருந்தக் கூட்டியிருக்காருன்னு நெனைச்சேன். காந்தாவும் அப்படித்தான் நெனைச்சா.”

“நைனா, இத ஏன் அப்பவே சொல்லல?” என்றான் அசோகன்.

“எத்தினி கோடு இருக்கணும்னு எனக்கு இன்னா தெரியும்? யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?”

அசோகன் எழுந்து வந்து ஞானசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “அன்னிக்கு சீசாவக் கொண்டாந்து உன் கையில குடுத்தேனே. சரியா இருக்குன்னு சொன்னியே!”

“கூட்டத்துல சரியாப் பாக்கல” என்றார் ஞானசேகரன். அந்த நேரத்தில்கூட அவருக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

அசோகன் கையை எடுத்தான். “எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? தங்கவயலுக்கு வா. அவகிட்ட சொல்லு” என்றான்.

அடுத்த ஞாயிறு இருவரும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் வண்டி மாறிப் போனார்கள். வழி முழுக்க அசோகன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காந்தாவின் அப்பா சுரங்கத்தில் வேலை செய்பவர். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு வீடு. காந்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புருஷனைப் பார்த்து, “மாமா எப்படி இருக்காரு?” என்று மட்டும் கேட்டாள்.

ஞானசேகரன் முந்தின வாரம் சொன்னதையே சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், “சரி. நான் அனுப்பின சீசா எங்க?” என்றாள்.

“அது… டிஸ்பென்சரியில கழுவினதுல…”

“பட்டை அப்படியே இருக்கட்டும்னுதான் கழுவாம அனுப்பினேன். கோட்டப் பாத்தா டாக்டருக்குப் புரியும்னு நெனைச்சேன். நீங்க பாத்தீங்களா, பாக்கலியா?”

கூட்டம் என்று வாய்வரைக்கும் வந்தது. அசோகனிடம் சொன்னபோது சுலபமாக வந்த சொல், இவள் முன்னால் வரவில்லை.

“பாத்தேம்மா. ஆறு கோடுன்னு பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. வேணும்னுதான் தண்ணியில போட்டேன். பட்டையக் கசக்கி எறிஞ்சேன். டாக்டருக்கு அந்தச் சீசா வந்ததே தெரியாது. உன் வூட்டுக்காரர்கிட்ட சரியா இருக்குன்னு சொன்னது பொய்.”

காந்தாவின் அப்பா எழுந்தார். அடிக்கத்தான் எழுந்தார். காந்தா குறுக்கே கையை நீட்டினாள். அவள் அழவில்லை. அசோகனைப் பார்த்து, “இப்ப நம்பறியா?” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு ஞானசேகரனிடம் திரும்பினாள். “இதை இங்க சொல்லி இன்னா சார்? என்னைப் பேசினவங்க யாரும் இங்க இல்லையே. வெஷம் வெச்சவள்னு எங்க தெருக் கொழாய்ல பேசினாங்களாம். அங்க போய்ச் சொல்லுங்க. மாமியாரும் அங்க நிக்கணும்.”

திரும்பி வருகிற ரயிலில் அசோகன் வாய் திறந்தான். “சொல்லுவியா?” என்று கேட்டான். “சொல்றேன்” என்றார் ஞானசேகரன். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோவிந்தப்பா தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. இருபது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். முத்தம்மாவும் நின்றாள். சரளா, வரமாட்டேன் என்று முந்தின நாள் வரைக்கும் சொன்னவள், தன் தெருக் குழாயை விட்டுவிட்டு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள். ஞானசேகரன் வெள்ளைக் கோட்டு இல்லாமல், சாதாரணச் சட்டையில் வந்தார். மாற்றி ஒட்டியதையும், சீசாவை ஊறவைத்ததையும், பொய் சொன்னதையும் சொன்னார். கேட்காதவர்கள் “இன்னா, இன்னா?” என்றபோது மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒரு பெண் சிரித்தாள். ஒரு கிழவி, “உன் பொண்டாட்டிக்கு இப்படி ஒரு பேரு வந்தா சும்மா இருப்பியாடா?” என்று வாயில் வந்தபடி வைதாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தண்ணீர் நிற்கும்வரை அங்கேயே நின்றார்.

மறு வாரம் முத்தம்மாவே மகனோடு ரயிலேறிப் போய்க் காந்தாவை அழைத்து வந்தாள். அழைத்ததும் காந்தா கிளம்பிவிடவில்லை, இரண்டு நாள் காக்கவைத்துத்தான் வந்தாள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் ஞானசேகரனை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மருந்து மேஜைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார். மௌரீன் என்று பெயர். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ். ஞானசேகரனுக்கு நோயாளிகள் பேரை எழுதி நம்பர் கொடுக்கிற வேலை. ஜீவனஹள்ளிக்காரர்கள் அவருக்கு ‘ஆறு கோடு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆறு கோடு இருக்காரா என்று டிஸ்பென்சரி வாசலில் நின்றே கேட்பார்கள். அவரும் “இருக்கேன், உள்ள வாங்க” என்பார்.

ஒரு வருஷம் கழித்து மௌரீன் கல்யாணமாகிப் போனதும் டாக்டர் அவரை மறுபடி மேஜைக்கு அழைத்தார். அதன் பிறகு அவர் ஒரு சீசாவைக் கொடுக்கும்போது, கோடு எத்தனை, எத்தனை நாளைக்கு என்று வாய்விட்டுச் சொல்லி, வாங்குகிறவர்களையும் திருப்பிச் சொல்லச் செய்த பிறகுதான் கையை எடுப்பார். கூட்டம் நிற்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நிற்கட்டும் என்று விடுவார். கோவிந்தப்பாவுக்கு மருந்து வாங்க அப்போதெல்லாம் காந்தாதான் வந்தாள். அவர் சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள். சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அவளே எண்ணுவாள். எண்ணி முடித்துவிட்டுப் போவாள். அவரோடு வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டாளா என்று அவரும் கேட்டதில்லை. கோவிந்தப்பா 1958 வரைக்கும் இருந்தார்.

1963-இல் டாக்டருக்கு வயதாகி டிஸ்பென்சரியை மூடினார். வைட்ஃபீல்ட் போகும் வழியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் முதலுதவி அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஞானசேகரன் மனுப் போட்டார். நேரில் கூப்பிட்ட மானேஜர் டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் ஏதாவது புகார் உண்டா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். சர்டிபிகேட்டில் அப்படி எதுவும் இல்லை. ஞானசேகரன் கோவிந்தப்பா விஷயத்தை, சீசாவைத் தண்ணீரில் போட்டது உட்பட, சொன்னார். மானேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

“வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இன்னிக்கே வேலை கெடைச்சிருக்கும்” என்றாள் சரளா.

“ஆமா, கெடைச்சிருக்கும்” என்று ஒத்துக்கொண்டார்.

வேலை ஒரு மாதம் தள்ளிக் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.